அப்பாவின் தேவதாஸ்

2020, சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தின நாள் சாயங்காலம். அப்பா என்னிடம், "தேவதாஸ் போடும்மா. பழைய தேவதாஸ்" என்றார்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி நான்கு வாரம் ஆகப்போகிறது. கியா பார்மைச் சனி, ஞாயிறுகளில் மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த அமைதியைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பிரிஞ்சாங்கிலிருந்து எங்கள் சந்தை வரைக்கும் நத்தைபோல ஊரும் கார் வரிசை இல்லை. ஸ்ட்ராபெரி, சோளம், கள்ளிச்செடி விற்கும் கடைகளெல்லாம் நீலக் கித்தான் போர்த்திக் கிடந்தன. ஆணை வந்த புதிதில் வாங்க ஆளில்லாமல் கேமரன் மலைத் தோட்டக்காரர்கள் காய்கறியை டன் கணக்கில் கொட்டினார்கள். நாட்டுச் செய்தியிலேயே வந்தது. எங்களுக்குச் செய்தி தேவைப்படவில்லை, அழுகிய முட்டைக்கோஸ் வாடை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

அப்பாவுக்கு அப்போது 58 வயது. அவர் குடிக்காமல் இருந்து அன்றைக்கு 26ஆம் நாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவரும் எண்ணியிருப்பார், சொன்னதில்லை.

அவர் குடியை நிறுத்தவில்லை, குடி அவரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ரோட்டில் போலிஸ் தடுப்பு, கையில் காசில்லை, வாங்கிக் கொடுக்கும் கூட்டாளிகள் அவரவர் வீட்டில். மூன்றாம் நாள் ராத்திரி அவர் கை டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஆடியது. சுவரில் எறும்பு ஊருகிறது, துடை துடை என்றார். சுவரில் ஒன்றுமில்லை. விடியும்போது வலிப்பு வந்தது. பல வருஷம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும், சில சமயம் உயிரே போகும் என்பதை ஆம்புலன்ஸில் வந்த தாதி சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். குடித்தால் சாவார் என்று பயந்துகொண்டிருந்த எங்களுக்கு, குடிக்காமலும் சாகலாம் என்பது புதுச் செய்தி. ஆறு நாள் கழித்துத் திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். மெலிந்து, வெட்கப்பட்டு, காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து தண்ணீர் சுடவைத்துக்கொண்டு.

அந்த மனிதர்தான் தேவதாஸ் போடச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. குடியை விட்டு 26 நாள் ஆன ஆளுக்கு, தமிழில் இருக்கிற ஆகப் பெரிய குடிகாரக் கதையைப் போட்டுக் காட்டலாமா? அம்மாவைப் பார்த்தேன். அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே, "போடேன், அவருக்கு என்ன வேலை" என்றார்.

அப்பா பிறவிக் குடிகாரர் இல்லை. இதை எழுதும்போதே குடிகாரரின் மகள் எழுதுகிற வாக்கியம் மாதிரிதான் இருக்கிறது, தெரியும். ஆனால் உண்மை. தாத்தா தேயிலைத் தோட்டத்து ஆள். அப்பா லயத்தில் பிறந்து, தோட்டத்தை விட்டு வெளியேறி, ஒரு சீனத் தவுக்கேயிடம் காய்கறி லோரி ஓட்டியவர். கேமரன் காய்கறி ராத்திரியில் இறங்கி விடிவதற்குள் செலாயாங் மொத்தச் சந்தையில் இருக்க வேண்டும். ராத்திரி லோரி ஓட்டுகிறவர் குடிக்க முடியாது. தீபாவளிக்கு, கல்யாணத்துக்கு, அவ்வளவுதான். அண்ணனும் படிப்பு ஏறாமல் அதே தவுக்கேயிடம் லோரிக்கு வந்தான். அப்பாவும் அவனும் மாறி மாறிப் போவார்கள்.

2018 தீபாவளி முடிந்த வாரம் மாமா வீட்டில் நிச்சயதார்த்தம். அன்றைக்கு அப்பாவின் முறை. விருந்தில் இரண்டு மூன்று கிளாஸ் ஆகிவிட்டது. "நீ போடா, நாளைக்கு நான் போறேன்" என்றிருக்கிறார். முதல் நாள் ராத்திரிதான் செலாயாங் போய் வந்தவன், சரிப்பா என்று சாவியை வாங்கிக்கொண்டு போனான். சிம்பாங் பூலாய் இறக்கத்தில், மழையில், பனிமூட்டத்தில், ஒரு வளைவில் லோரி பள்ளத்தில் இறங்கிவிட்டது. வயது 24.

நான் அப்போது ஸ்கூடாயில் யூ.டி.எம்.மில் சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். பேருந்து ஏறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து உடம்பு வீட்டுக்கு வந்திருந்தது. அம்மா அழுதார், பிறகு வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தக்காளி அடுக்கும் கொட்டகை வேலைக்குப் போய்விட்டார். அப்பா அதற்குப் பிறகு லோரி ஏறவே இல்லை. குடிக்க ஆரம்பித்தார். எதைக் குடித்ததால் அன்றைக்கு அவர் போகவில்லையோ அதையே.

தேவதாஸுக்கு வருகிறேன். சரத்சந்திரரின் நாவல் 1917இல் வெளிவந்தது. இந்தியில் சைகால், திலீப் குமார், ஷாருக் கான் என்று தலைமுறைக்கு ஒரு தேவதாஸ். நமக்கு 1953இல் வந்த படம், தமிழிலும் தெலுங்கிலும் ஒரே சமயத்தில் எடுத்தது. இயக்கம் வேதாந்தம் ராகவையா. நாகேஸ்வர ராவ், சாவித்திரி, சந்திரமுகியாக லலிதா. இசையமைத்த சி.ஆர். சுப்பராமன் படம் வெளிவருவதைப் பார்க்கவில்லை, 1952இல் இளவயதிலேயே போய்விட்டார். மிச்ச வேலையை விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முடித்தார்கள். யாராவது இரண்டு நாள் சவரம் செய்யாமல் வந்தால் "என்னடா தேவதாஸ்?" என்று இன்றைக்கும் கேட்கிறோம். படம் பார்க்காதவர்களும் கேட்கிறார்கள். ஒரு கதாபாத்திரம் தாடிக்குப் பெயராகிவிட்டது.

கதை எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். காதல் தோல்வி, குடி, சாவு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முழுப் படத்தையும் பார்த்தது அந்தச் சாயங்காலம்தான். யூடியூப்பில் தேய்ந்த பிரதி, முகங்கள் எல்லாம் மாவு பூசினதுபோல. அண்ணன் வாங்கி வைத்த டிவியில் என் தொலைபேசியை இணைத்து ஓடவிட்டேன்.

அப்பா தன் அப்பாவிடமிருந்து பெற்ற படம் இது. தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் போட்ட காலத்தில் தாத்தா பார்த்தது. பாட்டுகளை ரேடியோவில் கேட்டுக் கேட்டு அப்பாவுக்கு வசனம் உட்பட மனப்பாடம். அடுத்த காட்சி என்னவென்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். சாதாரணமாக எனக்கு எரிச்சல் வரும். அன்றைக்கு வரவில்லை. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவர் குரல் குழறாமல் கேட்டது.

குடித்துத் தள்ளாடும் காட்சிகள் வந்தபோது, படத்தைப் பற்றித் தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்த நான் ஒன்றை அவருக்குச் சொன்னேன். நாகேஸ்வர ராவ் அந்தக் காட்சிகளுக்காகக் குடிக்கவில்லையாம். ராத்திரியில் வயிறு நிறையத் தயிர் சோறு சாப்பிட்டுவிட்டுத் தூக்கத்தை அடக்கிக்கொண்டு நடித்தாராம். அந்தச் சொருகின கண் தயிர் சோற்றுக் கண்.

அப்பா நம்பவில்லை. "தயிரா?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அண்ணன் போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "அடப்பாவி, தயிர சாப்ட்டுட்டா எங்கள எல்லாம் இந்தப் பாடு படுத்துன!"

இன்னொன்றும் தேடும்போது கிடைத்தது. எனக்குப் பட்டியல் பைத்தியம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். சிவாஜியின் வசந்த மாளிகைக்கு மூலம் தெலுங்குப் படம், பிரேம் நகர், 1971. அதில் நாயகன் நாகேஸ்வர ராவ். கமலின் வாழ்வே மாயத்துக்கு மூலமும் தெலுங்கு, பிரேமாபிஷேகம், 1981. அதிலும் நாகேஸ்வர ராவ். ஆக, தாத்தா தலைமுறைக்கு ஒன்று, அப்பா தலைமுறைக்கு இரண்டு என்று தமிழன் கண்ணீர் விட்ட மூன்று பாட்டில்களுக்கும் பின்னால் ஒரே மனிதர், தயிர் சோறு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இன்னும் வேடிக்கை, 1953இல் அந்தப் படம் வந்தபோது சென்னை மாநிலத்தில் மதுவிலக்கு. 1948இலிருந்தே மாநிலம் முழுக்க அமலில் இருந்தது. பார்வையாளர்களில் பலர் சட்டப்படி ஒரு கிளாஸ் வாங்க முடியாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, திரையில் ஒருவன் குடித்தே சாவதைப் பார்த்து உருகியிருக்கிறார்கள். 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், 1972இல் வசந்த மாளிகை வந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது என் வேலை இல்லை. ஆனால் அங்கே திரையில் ஓர் அலங்காரமாக இருந்த குடி, இங்கே மலாயாவில் எங்கள் ஆட்களுக்குத் தோட்டத்துக்குள்ளேயே கடையாக இருந்தது. ரப்பர் தோட்டங்களில் நிர்வாகத்தின் ஆதரவோடு கள்ளுக்கடை நடந்தது. கொடுத்த கூலியில் ஒரு பகுதி சாயங்காலமே அங்கே திரும்பிப் போய்விடும். 1947இல் கெடாவில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. பீடோங்கில் போலிஸ் அடித்ததில் உயிர் போயிற்று. நம் வரலாற்றில் குடிக்கு எதிராக அடி வாங்கினவர்கள் இருக்கிறார்கள், பாட்டு மட்டும் குடித்தவனுக்குப் போயிற்று. எங்கள் மேட்டில் தென்னை வளராது, அதனால் கள் இல்லை. சம்சு மேலே ஏறி வந்தது. குளிருக்கு நல்லது என்று ஒரு காரணமும் கிடைத்தது.

படத்துக்குத் திரும்புகிறேன். நான் எதிர்பார்க்காத விஷயம், தேவதாஸ் காதலியைப் பறிகொடுத்தவன் இல்லை. அவன்தான் விட்டவன். அப்பா அதட்டினதும் பட்டணத்துக்கு ஓடிப்போய், அங்கிருந்து பார்வதியைக் கைவிட்டுக் கடிதம் எழுதுகிறான். மனம் மாறித் திரும்பி வரும்போது நேரம் கடந்துவிட்டது. அவன் குடிப்பது அவள் போனதற்காக மட்டும் இல்லை, தான் செய்ததற்காக. பாட்டுகளை மட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. பாட்டில் உலகம் மோசம், வாழ்க்கை பொய். அந்தக் கடிதத்தை எழுதினவன் யார் என்று பாட்டு கேட்பதே இல்லை.

பார்வதி என்ன செய்கிறாள்? ஒரு வயதான ஜமீன்தாருக்கு இரண்டாம் தாரமாகிறாள். வளர்ந்த பிள்ளைகள் இருக்கிற பெரிய வீடு. அந்த வீட்டை எடுத்து நடத்துகிறாள். அவளுடைய துக்கத்துக்கு வேலை கொடுத்துவிட்டார்கள்.

பாதிப் படத்தில் அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார். கையில் கரண்டி. தேவதாஸ் இருமிக்கொண்டிருந்தான். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவனுக்கு யாரு சோறு போடுறா?"

அப்பா, "வேலக்காரரு ஒருத்தர் இருக்காரு" என்றார்.

"சம்பளம் குடுக்கறானா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா உள்ளே போய்விட்டார். கிண்டலாகக் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா பெரும்பாலும் தெரிந்துகொள்ளத்தான் கேள்வி கேட்பார்.

கடைசிக் காட்சி. சாவதற்குள் ஒருமுறை வருவேன் என்று கொடுத்த வாக்குக்காக ராத்திரியெல்லாம் மாட்டு வண்டியில் வந்து, அவள் வீட்டு வாசலில் விழுந்து கிடக்கிறான். சேதி தெரிந்து அவள் ஓடி வருகிறாள். கதவைச் சாத்திவிடுகிறார்கள். படம் முடிந்ததும் டிவியில் யூடியூப் தானாக வேறெதையோ ஓடவிட்டது, நான் நிறுத்தினேன். அப்பா சுவரில் இருந்த அண்ணன் படத்தைப் பார்க்காமல், அதற்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு நான் போயிருக்கணும்."

அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சிறிய வீடு, எல்லாம் கேட்கும். குழாய்ச் சத்தம் நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. அம்மா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

நான் என்ன சொன்னேன்? "சரி விடுங்கப்பா, சாப்பிடலாம்" என்றேன். இன்ஜினியர் என்று பெயர், அவ்வளவுதான் தோன்றியது.

இதே விஷயத்தை எடுத்த இன்னொரு படத்தை நான் அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே பார்த்திருந்தேன். மான்செஸ்டர் பை தி சீ. 2016இல் வந்தது, கென்னத் லோனர்கன் எழுதி இயக்கியது. கேசி அஃப்லெக்குக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர் கிடைத்தது. பல்கலைக்கழக விடுதியில் நான்கு பேர் ஒரு மடிக்கணினியில் பார்த்தோம். என்னடா இது, ஒன்றுமே நடக்க மாட்டேங்குது என்று ஒருத்தி பாதியில் எழுந்து குளிக்கப் போய்விட்டாள். எங்களுக்கெல்லாம் அப்போது துக்கப் படம் என்றால் வாரணம் ஆயிரம். காதலி சாகிறாள், போதை, அப்புறம் உடற்பயிற்சி, ஆறு கட்டு வயிறு, ராணுவம். சோகத்துக்கு ஓர் ஒழுங்கான பாடத்திட்டம். அமெரிக்கப் படத்தில் அது இல்லை என்பதே எங்கள் புகார்.

தேவதாஸ் பார்த்த ராத்திரி தூக்கம் வராமல், போர்வைக்குள் தொலைபேசியில் அந்தப் படத்தை மறுபடி போட்டேன். லீ என்று ஒருவன். பாஸ்டன் பக்கத்தில் குடியிருப்புக் கட்டடங்களில் குழாய், கக்கூஸ் அடைப்பு எடுக்கும் வேலை. சாயங்காலம் மதுக்கடை, அங்கே யாரையாவது வம்புக்கு இழுத்து அடி வாங்குவது. அண்ணன் இறந்துவிட, அவனுடைய மகனுக்கு லீயைக் காப்பாளனாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொந்த ஊருக்கு வர வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் மண் உறைந்துபோனதால் உடனே புதைக்க முடியாது, வசந்தம் வரும்வரை உடம்பைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். விடுதியில் இந்த இடத்தில் நாங்கள் சிரித்திருந்தோம்.

ஊரை விட்டு அவன் ஏன் போனான் என்பது பாதியில் தெரியவருகிறது. ஒரு ராத்திரி, குடித்துவிட்டு, கணப்பில் கட்டை போட்டுவிட்டு, இன்னும் பீர் வாங்கக் கடைக்கு நடந்து போகிறான். கணப்புக்கு முன்னால் தடுப்பை வைத்தோமா என்று பாதி வழியில் சந்தேகம். திரும்பவில்லை. வந்து பார்த்தால் வீடு எரிகிறது. மூன்று குழந்தைகள்.

போலிஸ் நிலையத்தில் எல்லாவற்றையும் சொல்கிறான். அவர்கள் கேட்டுக்கொண்டு, இது மோசமான தவறு, குற்றமில்லை, நீ போகலாம் என்கிறார்கள். அவனுக்கு நம்ப முடியவில்லை. அவ்வளவுதானா என்பதுபோல நிற்கிறான். வெளியே வரும்போது ஒரு போலிஸ்காரரின் துப்பாக்கியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொள்கிறான். அதற்குப் பிறகு வருகிற வருஷங்கள் எல்லாம், அந்தக் கட்டட வேலை, அந்த ஒற்றை அறை, மதுக்கடை அடி, எல்லாம் அவனே தனக்கு எழுதிக்கொண்ட தண்டனை என்று அப்போதுதான் பிடிபட்டது.

போர்வைக்குள் படத்தை நிறுத்தினேன். பக்கத்து அறையில் அப்பாவின் இருமல் கேட்டது.

அப்பாவையும் போலிஸ் கூப்பிட்டுக் கேட்டது. வண்டி யாருடையது, எத்தனை மணிக்குக் கிளம்பினது, லைசன்ஸ் இருந்ததா. அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். ஓட்டினது அவர் இல்லையே. தவுக்கே வந்து தோளைத் தொட்டு ஆங்பாவ் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா, "விதி மச்சான்" என்றார். கோயில் குருக்கள், பாட்டி, அக்கம்பக்கம் எல்லாரும் அதையே வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். அன்றைக்கு உன் முறைதானே, ஏன் குடித்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அன்பினால்தான் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஆனால் நான் அன்பினால் இல்லை. நான் பேச்சையே நிறுத்திவிட்டேன். 2019இல் வேலை கிடைத்து கோலாலம்பூர் வந்தபிறகு பணத்தை அம்மா கணக்கில் போடுவேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் அப்பாவின் பெயர் தொலைபேசியில் வந்தால் திரையைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். என்ன பேசுவார் என்று தெரியும். "சாப்ட்டியாம்மா, சாப்ட்டியாம்மா" என்று இருபது தடவை.

என் வேலை மலைச்சரிவுகளைக் கண்காணிப்பது. சரிவுக்குள் குழாய் இறக்கி, மண்ணுக்குள் தண்ணீர் அழுத்தம் எவ்வளவு, மண் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று அளப்போம். சரிவு சில சமயம் மழை விட்டபிறகு, வெயில் வந்தபிறகு இறங்கும். பார்க்கிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள், மழைதான் நின்றுவிட்டதே என்று. தண்ணீர் உள்ளே ஊறிப்போக நேரம் எடுக்கும். இதை அப்பாவோடு ஒப்பிட்டு ஒரு கவிதைகூட எழுதிப் பார்த்தேன், கேவலமாக வந்தது. மண்ணுக்குக் குற்ற உணர்வு கிடையாது.

மான்செஸ்டர் படத்தை நண்பர்களிடம் சொன்னால், முடிவில் அவன் திருந்துகிறானா என்று கேட்கிறார்கள். இல்லை. அண்ணன் மகனுக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டு அவன் திரும்பிப் போகிறான். இந்த ஊரில் என்னால் இருக்க முடியாது என்று ஒப்புக்கொள்கிறான், அவ்வளவுதான். ஆனால் தனக்கு ஓர் அறை கூடுதலாக இருக்கிற வீடு பார்க்கப்போவதாகச் சொல்கிறான், பையன் எப்போதாவது வந்தால் தங்க. தேவதாஸுக்கு அந்தக் கூடுதல் அறை கிடைக்கவில்லை. அவனுக்கு வாசல்தான். தேவதாஸ் செத்தால்தான் படம் முடியும், நாம் அழுதுவிட்டு எழுந்து போகலாம். சாகாமல் பதினைந்து வருஷம் குடிக்கிற தேவதாஸை யாரும் எடுக்கவில்லை. காலையில் அவன் வாந்தியைத் துடைக்கும்போது பின்னணியில் என்ன வாத்தியம் வாசிப்பது?

லீயின் முன்னாள் மனைவியையும் சொல்ல வேண்டும். மிஷல் வில்லியம்ஸ் நடித்தது, மொத்தமே சில காட்சிகள்தான். தெருவில் குழந்தை வண்டியோடு எதிரே வருகிறாள். அன்றைக்கு உன்னைப் பேசக்கூடாததெல்லாம் பேசினேன் என்று அழுகிறாள். அவனால் நின்று கேட்க முடியவில்லை. அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவள் அவனைத் திட்டியிருக்கிறாள். கத்தியிருக்கிறாள். அவள் சொன்னது தப்பாகவே இருக்கட்டும், அவர்களுக்கு நடுவில் ஒரு பேச்சு நடந்திருக்கிறது. எங்கள் வீட்டில் குழாய்தான் திறந்தது.

54ஆம் நாள் அப்பா, "சிகரெட் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினார். மே மாதம், கட்டுப்பாடுகளைத் தளர்த்தியிருந்தார்கள். சந்தையில் ஓரிரு கடைகள் கித்தானை எடுத்திருந்தன. இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். சாதாரணமாக நடந்துதான் வந்தார், காலணியைக் கழற்றி வரிசையாக வைத்தார், கழுவின முகத்தோடு முன்னறைக்கு வந்தார். எனக்கு அவர் கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தயிர் சோறு இல்லை.

நான் கத்தினேன். அதுவரை சேர்த்து வைத்ததையெல்லாம் கத்தினேன். ஆனால் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. காசு, மருத்துவமனை, அம்மாவின் முதுகு வலி, என் விடுமுறை எல்லாம் வந்தது. அது மட்டும் வரவில்லை. அவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்காகக் காத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். நான் அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. நல்லதாக எதுவும் ஆகியிருக்காமலும் போகலாம்.

அதன்பிறகு இரண்டு வருஷம். 2022 ஜூலையில் கண் மஞ்சளாகி, வயிற்றில் தண்ணீர் கோத்து, வார்டில் குழாய் வைத்து எடுத்தார்கள். எடுக்க எடுக்க ஊறியது. கடைசி வாரம் அவருக்கு நாள், நேரம் குழம்பிவிட்டது. ஒரு ராத்திரி மணி என்ன என்று கேட்டார். ஒன்பது என்றேன். "லோரியில லோடு ஏத்தியாச்சா? நான் போயிக்கிறேன், அவன தூங்கச் சொல்லு" என்றார். சரிப்பா என்றேன். எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. தாதி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா இன்னும் கியா பார்மில்தான் இருக்கிறார். என்னோடு வந்து இருங்கள் என்றால், கோலாலம்பூரில் வெக்கை என்கிறார். தக்காளிக் கொட்டகை வேலை தொடர்கிறது. மின்னல் எஃப்எம்மில் தேவதாஸ் பாட்டு வந்தால் அணைப்பதில்லை, சத்தத்தைக் கூட்டுவதும் இல்லை.

போன தீபாவளிக்குப் போயிருந்தபோது முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தோம். எப்படியோ வாயில் வந்துவிட்டது. "அப்பாவ நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களாம்மா? அண்ணன் விஷயத்த?"

அம்மா எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் பேசவில்லை. ஒரு ஈடு வெந்து எடுத்தபிறகு சொன்னார்.

"கேட்டா செத்துருவாருன்னு நெனச்சேன்."

பிறகு, "அந்த மாவ எடு, காயுது பாரு" என்றார்.